படகு யாருக்கு?

அக்கரைக்குப் போகும் படகை நிறுத்திவிட்டு, தூரத்துப் பாலம் வழியே பஸ் விடும் ஆணை மேஜைமேல் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். படகில் கயிறு கட்டும் இன்னாசி மட்டும் வேண்டாம் என்றான்.

போக்குவரத்து இயக்குநர் வேதமூர்த்தி பேனாவைத் திறந்தார். "பஸ் விட்ட பிறகு படகு யாருக்குய்யா வேணும்? இந்த அறையில ஒருத்தரைக் காட்டு. கையெழுத்துப் போடாம எழுந்து போறேன்."

இன்னாசி வாசலுக்குப் போய், படகுத்துறையில் கத்தும் அதே குரலில் கத்தினான்.

"கடைசிப் படகு கிளம்புது..."

நாற்காலிகள் உருண்டன. கூட்டம் வாசலில் முட்டி மோதியது. முன்னால் நின்றவர் இயக்குநரின் குமாஸ்தா.

"ரகோத்தமன், நீருமா?"

"பஸ்ல சுத்திப் போனா வீடு சேர ராத்திரியாயிடும் சார்."

இன்னாசி கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"உட்காருங்க, கிளம்ப நேரமிருக்கு. ஐயா ஒருத்தரைத்தான் காட்டச் சொன்னாங்க."