கொத்துக்குள் தெரிந்த நெபுலா

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சீடருக்கு அறுபத்தைந்து. நட்சத்திரங்களின் வயதை வைத்துப் பார்த்தால் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்தான்.

குரு வஹீதா, மலைமேல் இருந்த தொலைநோக்கி நிலையத்தில் விஞ்ஞானி. சீடர் மாசிலாமணி, பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். மனைவி போனபிறகு மகன் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் ஆறு பேர். சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று பெட்டியைத் தூக்கியபோதுகூட, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் அவருக்கு வலித்தது.

மூன்று வருடமாக அவர் ஒரே ஒரு கோள்வடிவ நெபுலாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாகப்போகும் நட்சத்திரம் ஊதிவிட்ட வாயுக் குமிழி அது. படத்தில் முந்நூறு நட்சத்திரங்கள் கொண்ட ஒரு கொத்தின் நடுவில் தெரிந்தது. கொத்து ஐயாயிரம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நெபுலாவும் அந்தக் கொத்தைச் சேர்ந்ததுதான் என்று காட்டிவிட்டால், அதன் தொலைவும் அதுவே. ஒரே கொத்து என்றால் எல்லாம் ஒரே வேகத்தில் போக வேண்டும்.

ஆய்வேட்டை அனுப்ப அன்று மாலைதான் கடைசி. மதியம் கேன்டீனில் மாசிலாமணி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வஹீதா ஆய்வேட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கொத்து நம்மகிட்டேர்ந்து விலகிப் போற வேகம் விநாடிக்கு நாப்பத்தெட்டு கிலோமீட்டர். நெபுலாவும் நாப்பத்தெட்டு. அச்சு அசலா இருக்கே சார்."

"ஆமா மேடம்."

"நெபுலாவுல எந்தப் பக்கத்தை அளந்தீங்க?"

பிசைந்த சோறு மாசிலாமணியின் கையிலேயே நின்றது. குமிழி என்றால் விரியும். அதனால் முன்பக்கம் நம்மைவிட்டு மெதுவாக விலகும், பின்பக்கம் வேகமாக விலகும். இரண்டையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது.

"முன்பக்கம் மட்டும்."

"பின்பக்கம் எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு."

வஹீதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஆய்வேட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவை நீட்டினார்.

"சராசரியை எழுதுங்க."

இடக்கையால் கோணல்மாணலாக எழுதினார். எழுபத்திரண்டு.

"தூசிக் கணக்கு போட்டீங்களா?"

எவ்வளவு தூசியைத் தாண்டி வருகிறதோ, அவ்வளவுக்கு ஒளி சிவக்கும். அதை வைத்தும் தொலைவைச் சொல்லலாம்.

"போட்டேன். ஆய்வேட்டுல சேர்க்கல. கொத்து சிவந்த அளவுல இது பாதிதான் சிவந்திருக்கு."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"நாலு மாசம். ஏன் சார்?"

மாசிலாமணி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"முந்நூறு பேருக்கு நடுவுல இருக்கு மேடம். பார்க்கிறவங்க எல்லாரும் அதுக்கென்ன, பெரிய குடும்பம்னுதான் சொல்வாங்க. உனக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்? அதுவும் சாகப்போற காலத்துல?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில் கேன்டீனில் அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வஹீதா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

கடைசியில் மாசிலாமணி ஆய்வேட்டைத் திருப்பினார். முதல் பக்கத்தில் இருந்த நாற்பத்தெட்டை அடித்தார். இன்று அனுப்ப முடியாது. இன்னும் ஒரு வருடம் ஆகும்.

"அப்ப அது தனியாத்தான் இருக்கா மேடம்?"

"கொத்துல இல்ல சார். கொத்துக்கும் நமக்கும் நடுவுல இருக்கு. நீங்க எழுதினதுல பாதி தூரம்தான். நம்ம பக்கத்து ஆளு சார் அது."