ஒரு கரண்டிப் புன்னை எண்ணெய்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். அவருக்குக் காலையில் தோன்றுகிற யோசனை மாலைக்குள் சட்டமாகிவிடும். நம் நாட்டு விளக்கு நம் புன்னை எண்ணெயில்தான் எரிய வேண்டும், விற்பவருக்குக் குடத்துக்கு ஒரு பொன் பரிசு என்று ஒருநாள் முரசறைவித்தார். எது நம் எண்ணெய் என்று கேள்வி வந்தது. ஒரு கரண்டி புன்னை எண்ணெய் கலந்தால் குடம் முழுவதும் நம்முடையதே என்று எழுதிவைத்தார் எண்ணெய் அதிகாரி சேந்தனார்.

அப்புறம் கேட்பானேன்? பிறநாட்டுக் கப்பல்கள் எண்ணெய்க் குடங்களோடு நம் துறைக்கு வந்தன. ஒரு கரண்டி கலந்து, பரிசை வாங்கி, அப்படியே அண்டை நாட்டுக்குப் போய் அடிமாட்டு விலைக்கு விற்றன. அங்கே செக்குகள் நின்றுபோயின. அந்த நாட்டு அரசர் கோபத்தில் நம் உப்பு உள்ளே வரக்கூடாதென்று தடுத்தார். உப்பு இங்கே மழையில் கரைந்தது.

அரண்மனை விகடன் குழைக்காதன் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். சேந்தனாருக்கு எரிச்சல்.

"பேசுகிறவர் செய்து காட்டட்டும், மகாராஜா. வரப்போகும் விழா மாலையில் கொலுமண்டப விளக்குகளை நம் எண்ணெயால் அவரே ஏற்றட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசரும் தலையாட்டினார். நாட்டு எண்ணெயெல்லாம் கப்பலேறியிருந்தது. சேந்தனார் கொடுத்தது ஒரு சின்னச் செம்பு எண்ணெய்தான்.

வீட்டில் மனைவி நாச்சியார் சலித்துக்கொண்டாள். "சொல்லிச் சொல்லி உமக்குத் தொண்டைதான் வத்துது. சொன்னா ஏறாத தலையில செஞ்சு காட்டினாத்தான் ஏறும்."

விழா மாலையில் மண்டபம் ஜெகஜ்ஜோதியாய் ஒளிர்ந்தது. அரசர் பலே என்று வாய் திறப்பதற்குள் திரிகள் சடசடவென்று பொரிந்து அணைந்தன. ஒரே இருட்டு.

"என்னடா ஊற்றினாய்?"

"நம் நாட்டு எண்ணெய்தான், மகாராஜா. குடம் நிறையக் கிணற்றுத் தண்ணீர், ஒரு கரண்டி புன்னை எண்ணெய்."

"தண்ணீர் எண்ணெயாகுமா?" என்று சீறினார் சேந்தனார்.

"மீதிக் குடத்தில் என்ன இருக்க வேண்டுமென்று உம் சட்டத்தில் இல்லையே, ஐயா. துறையில் பொன் கொடுத்தபோதும் யாரும் கேட்கவில்லை. பாழாய்ப்போன திரிதான் கேட்கிறது."

இருட்டில் அரசரின் சிரிப்பு கேட்டது. இனி நம் செக்கில் ஆட்டி நம் ஊரில் எரியும் எண்ணெய்க்கே பரிசு என்றார். அண்டை நாட்டுக்குச் சமாதானத் தூது போனது, உப்பு வண்டிகள் நகர்ந்தன, சேந்தனார் உப்பளத்துக்கு மேற்பார்வைக்குப் போனார்.

குழைக்காதன் கேட்ட வெகுமதி ஒரு குடம் எண்ணெய். அரசர் பொன் குடத்திலேயே கொடுத்தனுப்பினார். நாச்சியார் குடத்தைப் பார்க்கவில்லை. அகப்பையை அடிவரை விட்டுத் துழாவி, ஒரு விளக்கை ஏற்றிப் பார்த்த பிறகே அவனை உள்ளே விட்டாள்.