மட்கார்டு வாங்கிய பொட்டு

சேலத்தில் டயர் கடை வேலையாள் மாரிக்கண்ணு. அவன் முன்னே, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார் காண்ட்ராக்டர் தணிகாசலம்.

"குடும்பத்தோட ஏற்காடு போறேன். பெரிய டயரா மாட்டுடா. மறுத்தா உன் வேலை போயிடும்!"

"வளைவுல டயர் மட்கார்டுல உரசுமுங்க."

"இரவலா பெரிய டயரை மாட்டி, வெறும் வேனைத் திருப்பிப் பார்த்துட்டேன், உரசல. எனக்கே பாடமா?"

மாரிக்கண்ணு பெரிய டயரையே மாட்டினான். டயர் ஓரமெல்லாம் குங்குமத்தைக் குழைத்துப் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தான்.

"பூஜை போட்டாச்சுங்க. சாமானோட, குடும்பத்தோட ஏறி, ஸ்டீயரிங்கை நல்லா ஒடிச்சு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

காண்ட்ராக்டர் எல்லோரையும் ஏற்றிச் சுற்றி வந்தார். மாரிக்கண்ணு மட்கார்டுக்குள் கைவிட்டு எடுத்தான். விரலெல்லாம் சிவப்பு.

"அதெப்படிடா அங்க போச்சு?" காண்ட்ராக்டரே குனிந்து பார்த்தார்.

"பாரம் ஏறினதும் வேன் அமுங்கிச்சுங்க. டயருக்கு வச்ச பொட்டை மட்கார்டு வாங்கிக்கிச்சு."

காண்ட்ராக்டர் மெல்ல நிமிர்ந்தார். "பழைய அளவே மாட்டிடுங்க, தம்பி."