வாய் கோணின கூடை

படுத்தாச்சா? காலை நல்லா நீட்டிக்கோ. இன்னிக்கு உங்கம்மா ஊர்ல இல்ல, அதனால கதை மாமா பொறுப்பு. நீ 'ம்' சொல்லிட்டே வரணும். உன் 'ம்' நின்னா கதையும் அந்த எடத்துலயே நின்னுரும். அப்புறம் ஆள் வச்சுத் தள்ளினாலும் நகராது. சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பாதிக் கூடை இருந்துச்சாம். முழுக் கூடை இல்ல, பாதிதான். ஒயர்க் கூடை தெரியும்ல, காய் வாங்கக் கொண்டு போவாங்களே, அது. மயில் நீலத்துல ஒயரு, நடுவுல மஞ்சக் கட்டம். அடியெல்லாம் கெட்டியா கும்முனு இருக்கும். மேல வந்ததும் பாதியில நின்னு போச்சு. மிச்ச ஒயரெல்லாம் எண்ணெ காணாத தலை மாதிரி பரக்கப் பரக்கத் தொங்கிக்கிட்டுக் கெடக்கும்.

யாரு அதைப் பின்னுனது? ஒரு மோட்டார்க்காரரு. அவரு பேரு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லாருக்கும் அவரு மோட்டார் அண்ணன்தான். ஊருக்குத் தண்ணி ஏத்துற பெரிய தொட்டி இருக்குல்ல, அதுக்கு மோட்டார் போடுறது அவரு வேலை. பொத்தானை ஒரு தட்டு தட்டுனா 'ஙொய்ய்ய்ய்'னு ஓடும். தொட்டி நிறையுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். பீடியும் கெடையாது, சீட்டுக்கட்டும் கெடையாது அவருக்கு. சும்மா இருக்குற கைக்கு ஏதாச்சும் வேணும்ல? அப்போ என்ன பண்ணாருன்னா, மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒயர்க் கூடை பின்ன ஆரம்பிச்சாரு.

"ஏன் கதவைச் சாத்தணும்?"

ஆம்பளை கூடை பின்னுறானேன்னு ஊரு சிரிக்கும்ல, அதுக்குத்தான்னு எல்லாரும் நெனைச்சாங்க. நீயும் இப்போதைக்கு அப்படியே நெனைச்சுக்கோ.

பின்ன உக்காந்தா அவருக்கு உலகமே மறந்துரும். மேல தொட்டி நிறைஞ்சு சளசளசளன்னு ஊத்தும். கீழ போறவங்க நனைஞ்சுக்கிட்டே, "மோட்டார் அண்ணே, தொட்டி வழியுதுண்ணே"ன்னு சத்தம் போடுவாங்க. உள்ள இருந்து, "இந்தா, ஒரே முடிச்சு"ன்னு கொரல் வரும். அந்த ஒரே முடிச்சுக்குள்ள ஒரு தெருவே குளிச்சு முடிச்சிரும்.

அப்புறம், அந்தச் சாத்துன கதவுக்குள்ள போக ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அது அவரு மக, சின்னப் புள்ளை, பேரு கிளி. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுப் போவா. ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அப்பா பக்கத்துல ஒட்டி உக்காந்துக்குவா. அப்பா பாடிக்கிட்டே பின்னுவாரு.

மேல ஏறு, கீழ எறங்கு,
மாமன் வீட்டு வாசல் நுழை,
இழு, இழு, இழுடா ராசா.

'ராசா'ங்குறப்போ ஒரு இழு. சரக்! முடிச்சு விழுந்துரும்.

"சரக்!"

மெதுவா சொல்லு, தூக்கம் ஓடிரப் போவுது. இந்தக் கிளிகிட்ட ஒரு வம்பு என்னன்னா, அவளுக்கு எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான் முன்னால வரும். எடது கை. கடைக்கார அண்ணாச்சி மிட்டாய் நீட்டுனா அந்தக் கைதான் போகும். கோயில்ல பூசாரி திருநீறு நீட்டுனாலும் அதே கைதான். உடனே அம்மாக்காரி 'பட்'டுனு ஒண்ணு வைப்பா. "சோத்தாங்கை எங்க போச்சு? அடகு வச்சிட்டியா?" அதனால கிளி என்ன பண்ணுவா, ஆளு இருக்குற எடத்துல அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள்ள ஒளிச்சு வச்சுக்குவா. ஆளில்லாத எடத்துல அது தானா வெளிய வந்துரும், பூனை மாதிரி.

"ம்."

அப்புறம் ஒரு நாளு. மோட்டார் ஓடுது. தொட்டி வழியுது. கீழ ஆளுக, "மோட்டார் அண்ணே"ன்னு கத்துறாங்க, கத்துறாங்க. 'இந்தா, ஒரே முடிச்சு'ங்குற கொரல் மட்டும் வரவே இல்ல. நெஞ்சுவலி. மடியில கூடையோட அப்படியே சாஞ்சு உக்காந்திருந்தாரு. போயிட்டாரு.

"சாமிகிட்டயா?"

ஆமா, சாமிகிட்டதான். அங்கயும் அவருதான் மோட்டார் போடுவாரு, இனிமே அங்கயும் தொட்டி நல்லா வழியும்.

அந்தப் பாதிக் கூடையை வீட்டுக்குக் கொண்டு வந்து அடுக்களை ஆணியில மாட்டுனாங்க. அம்மாக்காரி சோறு வடிக்கத் திரும்புனா கூடை. உப்பு எடுக்கத் திரும்புனா கூடை. பாக்குறப்பல்லாம் கண்ணு நெறைஞ்சுரும், உப்புப் போட்டோமா இல்லையான்னு மறந்துரும், குழம்புல ரெண்டு தடவை விழுந்துரும். அந்த வீட்டுல கொஞ்ச காலம் எல்லாக் குழம்பும் கடல் தண்ணிதான்.

அப்போ போகி நெருங்கி வந்துச்சு. துக்க வீடு, அந்த வருசம் பொங்கப்பானை வைக்க மாட்டாங்க. ஆனா வீட்டைக் கழுவாம, பழசைக் கழிக்காம இருக்க முடியுமா? அம்மாக்காரி சொன்னா: "என்னால இதைப் பாதியாப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒண்ணு, இது முழுக் கூடை ஆகணும். இல்ல, போகிக்குப் பழைய சாமானோட போகணும்."

கிளிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பா சட்டையெல்லாம் யாருக்கோ கொடுத்தாச்சு. செருப்பும் போயிருச்சு. முன்ன பின்னுன கூடையெல்லாம் அப்பவே யாரு யாருக்கோ போயிருச்சு. அப்பா கையால பண்ணுனதுன்னு வீட்டுல மிச்சம் இருக்குறது இந்தக் கூடை ஒண்ணுதான். "அது போகக் கூடாதும்மா"ன்னா. "அப்போ முடிப்போம்"னு அம்மாக்காரியே மொதல்ல உக்காந்தா.

அவளுக்கும் கூடை பின்னத் தெரியும், பள்ளிக்கூடத்துல படிச்சது. சரக், சரக், சரக். ஒரு சுத்து வந்துச்சு. தூக்கிப் பாத்தா... அப்பா போட்ட முடிச்செல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, இவ போட்டதெல்லாம் எதிர்ப் பக்கமா சாயுது. ரெண்டும் சேருற எடத்துல கூடை வாயைக் கோணிக்கிட்டு நிக்குது, கசாயம் குடிச்ச புள்ளை மாதிரி. "எனக்கு மறந்து போச்சு போல"ன்னு அந்தச் சுத்தைப் பிரிச்சுட்டா.

அப்புறம் அண்ணன்காரன் வந்தான். கிளிக்கு ஒரு அண்ணன் உண்டு, காலேஜ் போறவன். தான் பெரிய அறிவாளின்னு அவனுக்கே ஒரு நெனைப்பு. "இதெல்லாம் ஒரு விசயமா, வீடியோ பாத்தா வந்துரப் போவுது"ன்னு போனை அரிசி டப்பா மேல சாத்தி வச்சான். வீடியோல பொம்பளை ஒரு முடிச்சு போடுறதுக்குள்ள இவன் பெருவிரலும் சேர்ந்து கூடைக்குள்ள போயிருச்சு. "யம்மா, விரலு, விரலு!" கத்திரிக்கோல் வச்சு ஒயரை வெட்டி விரலை எடுத்தாங்க. அவன் போட்ட நாலஞ்சு முடிச்சும் எதிர்ப் பக்கந்தான் சாஞ்சுச்சு. கூடை இன்னும் கோணிக்கிச்சு. அதையும் பிரிச்சாச்சு.

"அந்த அண்ணன் நீதானே மாமா?"

சேச்சே. அவன் வேற. அவன் என்னை விட அழகா இருப்பான். நீ 'ம்' மட்டும் சொல்லு.

"ம்."

மூணாவதா ராக்கம்மா அத்தையைக் கூப்பிட்டாங்க. பக்கத்துத் தெரு. கூடை பின்னுறதுல ராணி. சிவன் கண்ணு, நெல்லிக்காய்னு எந்த முடிச்சு சொன்னாலும் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவாங்க. அத்தை கூடையை இப்படித் திருப்பிப் பாத்தாங்க, அப்படித் திருப்பிப் பாத்தாங்க. ரெண்டு முடிச்சு போட்டாங்க. கோணிக்கிச்சு. பிரிச்சுட்டு மறுபடி போட்டாங்க. மறுபடி கோணிக்கிச்சு. அதையும் பிரிச்சுட்டாங்க. அத்தைக்குக் கோவம் வந்துருச்சு. "ஏம்மா, உன் வீட்டுக்காரரு அடியிலேருந்து மொத்தத்தையும் தப்பாப் போட்டு வச்சிருக்காரு. ஒரு முடிச்சுகூட நேரு இல்ல. எல்லாத்தையும் பிரி. மொதல்லேருந்து போட்டா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தாரேன்."

பிரிச்சா என்ன ஆகும்? வெறும் ஒயரு ஆயிரும். அப்பா இழுத்த இழுப்பு ஒண்ணுகூட அதுல இருக்காது. கிளி ஓடிப் போயி கூடை மேலயே ஏறி உக்காந்துட்டா. "எங்கப்பா தப்பாப் போடல. பிரிக்கக் கூடாது." அத்தை சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அம்மாக்காரி கிளியை எறக்கி விட்டுட்டுக் கூடையை மறுபடி ஆணியில மாட்டுனா. அப்புறம் சொன்னா, "அப்போ விடு. நாளைக்குப் போகட்டும்."

மறுநாள் வீடே அமளிதுமளி. தண்ணியை ஊத்திக் கழுவுறாங்க, சளப் சளப். பரண்லேருந்து சாமான் விழுது, டமார், டொம், லொடலொடலொட. வாசல்ல கழிச்ச பழசெல்லாம் குவியுது. கிளி என்ன பண்ணா? யாருக்கும் தெரியாம கூடையை எடுத்துக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில பூந்துட்டா. கூடையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. அழுது முடிச்சதும் போரடிச்சுச்சு. சும்மா இருக்குற கைக்கு ஏதாச்சும் வேணும்ல?

"ம்."

அங்க யாரும் பாக்கல. அதனால அந்தப் பூனைக் கை மெதுவா மடிப்பை விட்டு வெளிய வந்துச்சு. ஒரு ஒயரைப் புடிச்சுச்சு. கிளி அப்பா பாட்டைச் சன்னமாப் பாடுனா. மேல ஏறு, கீழ எறங்கு, மாமன் வீட்டு வாசல் நுழை, இழு, இழு, இழுடா ராசா...

"சரக்!"

சரக்! கோணல. இன்னொண்ணு போட்டா, சரக். அதுவும் கோணல. முடிச்சு மேல முடிச்சு, எல்லாம் அப்பா முடிச்சு சாஞ்ச பக்கமே சாஞ்சு, வரிசையா நிக்குது. அவ அப்படியே அப்பாவை மாதிரி உலகத்தை மறந்துட்டா. வெளிய அம்மாக்காரி, "கூடை எங்க, கூடையை எங்க காணோம்"னு தேடுறது அவ காதுலயே விழல.

அப்போ வெளக்குமாறு கட்டிலுக்கு அடியில நுழைஞ்சுச்சு. வறட், வறட். ஒரு கால் தட்டுப்பட்டுச்சு. காலைப் புடிச்சு இழுத்தா கிளி வந்தா, கிளி கூடவே கூடையும் வந்துச்சு. அம்மாக்காரி கூடையைத் தூக்கிப் பாத்தா. கோணல் இல்ல. "இது யாரு போட்டது?"

"நான்தான்." கிளி கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"எந்தக் கையால போட்ட?"

செத்தோம்டான்னு நெனைச்சா கிளி. 'பட்' விழப் போவுதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அந்தக் கையை நீட்டுனா. 'பட்' விழல. கண்ணைத் தொறந்து பாத்தா, அம்மா தரையில உக்காந்துட்டா. அந்தக் கையைப் புடிச்சுத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டா.

"உங்கப்பாவுக்குச் சின்னதுல இந்தக் கைதான் வருமாம்டி. அவங்காத்தா அந்தக் கையில கசப்பு வேப்பெண்ணெயைத் தடவித் தடவி மாத்துனாங்களாம். எங்கிட்டச் சொன்னாரு, அதெல்லாம் அப்பவே மாறிப் போச்சுன்னு. நானும் நம்பிட்டேன். எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் சோத்தாங்கைதானே. கூடை பின்ன மட்டும் மாறல போல. ஊரு சிரிக்கும்னு இல்லடி, இந்தக் கையை யாரும் பாத்துறக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்தியிருக்காரு மனுசன். நான் இங்க அதே கையைத் தட்டித் தட்டி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அண்ணன்காரன் கேட்டான், "ஏ கிளி, நீதானே பக்கத்துல உக்காந்து பாத்த? அப்பா பீச்சாங்கையில பின்னுறாருன்னு சொல்லியிருந்தா எம் பெருவிரல் பொழைச்சிருக்குமே?"

கிளி சொன்னா, "எல்லாருமே அப்படித்தான் பின்னுவாங்கன்னு நெனைச்சேன்."

அப்புறம் என்ன, வீடு கழுவுறது அப்படியே நின்னுச்சு. கிளி முடிச்சு போட, அவ கைக்கு இழுக்கப் பத்தாத எடத்துல அண்ணன்காரன் இழுக்க, அம்மாக்காரி ஒயரை வெட்டிக் கொடுக்க, மூணு பேரும் சேர்ந்து, இழு, இழு, இழுடா ராசா. பொழுது சாயுறதுக்குள்ள கைப்பிடியும் போட்டாச்சு. ராக்கம்மா அத்தை எட்டிப் பாத்துட்டு, "எல்லாமே தப்பா இருக்கு, ஆனா அழகா இருக்கு"ன்னுட்டுப் போனாங்க.

போகிக்கு வேற என்ன போச்சு? கிழிஞ்ச பாயி போச்சு. ஒடைஞ்ச முறம் போச்சு. அம்மாக்காரி 'பட்'டுனு தட்டுறதும் அன்னியோட போச்சு.

"ம்..."

கூடை முடிஞ்சதும் அம்மாக்காரிக்கு ஒரு ஆசை. அவரு எந்த முடிச்சோட நிறுத்துனாருன்னு பாக்கணும். விரலை அடியில வச்சு மேல ஏத்திக்கிட்டே போனா. இதா? இல்ல, இது கிளி போட்டது மாதிரி இருக்கு. அப்போ இதுவா? அதுவும் தெரியல. அண்ணன்காரன் தேடுனான், கிளியும் தேடுனா. அப்பா எங்க விட்டாரு, புள்ளை எங்க தொட்டான்னு ஒருத்தருக்கும் புடிபடல. அம்மாக்காரிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு போனதுக்கப்புறம் அவ சிரிச்சது அன்னிக்குத்தான். அன்னிக்குக் குழம்புல உப்பு சரியா இருந்துச்சு.

"மாமா... அது நம்ம ஆச்சியோட நீலக் கூடைதானே? காய் வாங்கிட்டு வந்தா ஆச்சி அதைத் தடவிக்கிட்டே இருப்பாங்களே."

கண்டுபுடிச்சிட்டியா? ஆமா. கிளி யாருன்னு உங்கம்மா வந்ததும் கேளு. ஆச்சி இன்னமும் அந்த முடிச்சைத் தேடுறாங்க. இன்னும் கெடைக்கல.

சரி, கூடைக்குக் கடைசி முடிச்சு விழுந்துச்சு, கதைக்கும் விழுந்துருச்சு. உன் கண்ணுக்கும் ரெண்டு முடிச்சு போட்டுக்கோ. மேல ஏறு, கீழ எறங்கு, மாமன் வீட்டு வாசல் நுழை... 'ம்' நின்னுருச்சா? நல்லது. தூங்குடா ராசா.