கம்ப்யூட்டருக்குள் இருந்த கையேடு

உப்பளத்தில் வேலை செய்யும் இசக்கியம்மாளின் தெருவை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. அந்தத் தெருவுக்குப் பட்டா கொடுத்த பழைய பதிவு, அரசு ஆவணக் காப்பகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. தினமும் போய் நின்றாள்.

"வழிகாட்டிக் கையேட்டைப் படிக்காதவங்க கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. அதான் ரூல்" என்றார் கண்காணிப்பாளர் சதாசிவம்.

"கையேட்டைத் தாங்கய்யா, படிக்கேன்."

"அது கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் போனார்கள். அவள் அசையவில்லை.

"நீங்க படிச்சிட்டீங்களாய்யா?"

"ஒரு வரி விடாம!"

"படிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை எப்படித் தொட்டீங்க?"

"நான் எங்க தொட்டேன்? எனக்கு ஒருத்தர் திறந்து காட்டினார்."

இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்த ஒருத்தர் நீங்கதான். திறங்க."