செவலையின் பாதுகை

மடத்து நாய் செவலை போட்ட நான்கு குட்டிகளும் உயிரில்லாமல் பிறந்தன. சீடர் திருமேனிதான் கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தார். ஈனும்போது அவள் கதறியது அவர் காதில் விழுந்திருந்தது. அப்போது பாதுகை அபிஷேகம் பாதியில் இருந்தது. எழுந்து போயிருந்தால் ஒன்றாவது பிழைத்திருக்குமோ என்று மண்ணை மூடும்போது நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பீடத்தில் ஒரு பாதுகையைக் காணோம்.

விரலிடுக்கில் பிடிக்கும் குமிழ் உடைந்துவிட்டதென்று குரு வீசிய கட்டைச் செருப்புகள் அவை. திருமேனி பொறுக்கி வந்து, ஆறு வருஷமாகப் பூசை செய்துவந்தார்.

மடம் முழுக்கத் தேடி, மூன்றாம் நாள் விறகுக் கொட்டகையில் கண்டுபிடித்தார். செவலை அதை வயிற்றோடு அணைத்து நக்கிக்கொண்டிருந்தாள். கையை நீட்டியதும் பல்லைக் காட்டினாள். திருமேனி குருவிடம் ஓடினார்.

“சாமி, உங்க பாதுகை நாய்கிட்ட இருக்கு. குட்டின்னு நினைச்சு நக்குது.”

“கடிக்கலையே?”

“இல்ல சாமி, ஒரு பல்லுகூடப் படல.”

“உங்களைக் கேட்டேன்.”

குரு அவரைவிட நான்கு வயது இளையவர். சிரித்தபடியே கொட்டகைக்கு வந்தார். செவலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்பினார்.

மருத்துவர் எஸ்தர் நாயின் வாயைத் துணியால் கட்டிவிட்டு மடியைத் தொட்டார். கல்லாக இறுகியிருந்தது. கொதித்தது. ஒரு காம்பில் சீழ்.

“குடிக்க வாயில்லாம பால் கட்டிப்போச்சு. இந்தக் கட்டையைக் கொஞ்சக் கொஞ்ச இன்னும் பால் ஊறும். ஊசி போடறேன். ஆனா முதல்ல இதை எடுத்துடுங்க. இல்லேன்னா சீழ் ஏறிச் செத்துப்போவா.”

“நல்லதாப் போச்சு” என்று திருமேனி பட்டுத்துணியை விரித்துப் பிடித்தார்.

குரு செவலையின் தலையைத் தடவிக்கொண்டே செருப்பை உருவினார். அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. தொண்டைக்குள் அழுதாள்.

விரித்த துணியைத் தாண்டி நடந்த குரு, கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் செருப்பைச் செருகினார்.

“சாமி!”

“மத்ததையும் எடுத்துட்டு வாங்க.”

திருமேனி அசையவில்லை. கொட்டகையில் அழுகை நிற்கவில்லை.

“அது நாய், சாமி. கட்டை எது, குட்டி எதுன்னு அதுக்குத் தெரியல. நோவும் அதுக்குத்தானே? எங்கிட்டேருந்து ஏன் பிடுங்கறீங்க?”

குரு விறகை உள்ளே தள்ளினார்.

“அவளுக்குப் பால் கட்டி மூணு நாள்தான் ஆகுது” என்றார். “உங்களுக்கு ஆறு வருஷம்.”