எண்பத்து நாலில் நின்ற கம்ப்யூட்டர்

கர்ர்... டொக். கர்ர்... டொக். ஊறாத உளுந்தை யாரோ பொறுமையில்லாமல் அரைப்பது போன்ற சத்தம். இருபது வருடத்துக்கு முன்னால், கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் மகளிர் மன்ற நூலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் ஒரு காலைப்பொழுது முழுக்க அப்படித்தான் முனகியது. இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அதன் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்ற வந்திருந்தார் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த செங்கோட்டுவேலு. நூலகர் தெய்வானை அவர் பின்னாலேயே நின்றாள். பதினோராயிரம் புத்தகங்களின் பட்டியலை மூன்று வருடம் ஒற்றை ஆளாக அதில் அடித்து வைத்தவள் அவள். வேறெங்கும் நகல் வைத்திருக்கவில்லை.

"பேக்கப் எடுத்துட்டீங்களா தம்பி?"

"பேக்கப்பா? அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க எடுக்கறதுங்க்கா. நான் திம்பம் மலை ஏறற பஸ்ஸுல, மடியில வச்சே சிஸ்டம் மாத்துனவன். வளைவுக்கு நாலு பர்சன்ட். இருபத்தேழு வளைவு. உச்சிக்குப் போறப்ப நூத்தியெட்டு பர்சன்ட் ஆயிருச்சு!"

பத்திரிகை படிக்க வந்திருந்த நாச்சம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "மிச்சம் எட்டை என்ன பண்ணுனீங்க?"

"வீணாக்கக் கூடாதுன்னு பஸ் ரேடியோவுக்குக் குடுத்துட்டனுங்க. அன்னையிலிருந்து நாளைக்கு வர்ற செய்தியை இன்னைக்கே வாசிக்குது."

திரையில் ஊர்ந்த கோடு அறுபது பர்சன்ட்டைத் தொட்டிருந்தது. கர்ர்... டொக்.

"நடுவுல கரண்ட் போனா?" என்று கேட்டேன்.

"அந்தியூர்ல போச்சுங்க டீச்சர். எருமையைச் செக்குல பூட்டி, சுத்தவிட்டு கரண்ட் எடுத்தேன். கம்ப்யூட்டரோட சேர்ந்து எருமையும் புதுப் பதிப்பாயிருச்சு. இப்ப பாஸ்வேர்டு சொன்னாத்தான் பால்."

"தப்பாச் சொல்லிட்டா?" என்றாள் நாச்சம்மாள்.

"மூணு தடவை தப்பாச் சொன்னா மோர்தானுங்க."

தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. எண்பத்து நாலில் கோடு நின்றுவிட்டது. கால் மணி நேரம் அசையவில்லை. செங்கோட்டுவேலு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். குரலை மட்டும் இன்னும் ஏற்றினார்.

"பவானிசாகர்ல இதைவிடக் கிழட்டு மிஷினுங்க. மாத்தி முடிச்சு ரீஸ்டார்ட் குடுத்தேன் பாருங்க, வாய்க்கால் தண்ணி மொத்தமும் அணைக்குத் திரும்பிப் போயிருச்சு! மறுக்கா முதல்ல இருந்து வந்துச்சு. ஒரே தண்ணியில ரெண்டு போகம் வெளைஞ்சுது."

"மீனெல்லாம்?"

"போனப்ப கெண்டை, வந்தப்ப முட்டைங்க்கா."

"உங்களை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணோணும்," என்றாள் நாச்சம்மாள்.

அப்போது கோடு நகர்ந்தது. திரை இருண்டு, பளிச்சென்று நீலமாக விடிந்தது. தெய்வானை முன்னால் வந்து, பட்டியல் இருந்த இடத்தைத் தானே திறந்தாள். ஒன்றுமில்லை. கோலம் போடாத வாசல் மாதிரி வெறுமையாக இருந்தது. அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே கிடந்தன. எந்த விசையையும் அழுத்தவில்லை.

செங்கோட்டுவேலு திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பட்டியல் எங்கீம் போகலீங்க. புது எடம், கூச்சப்பட்டு ஒளிஞ்சிருக்குது. நான் ஒரு அதட்டல் போட்டா வந்துரும். பொம்பளைங்க பாத்தா வெளிய வராது. மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நானும் நாச்சம்மாளும் சுவரைப் பார்த்து நின்றோம். தெய்வானை புத்தக பீரோவைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது. எதுவோ சர்ரென்று வெளியே வந்து உள்ளே போயிற்று. "வா வெளிய! அக்கா மூணு வருசம் கஷ்டப்பட்டது தெரியாதா உனக்கு?" என்று அவர் யாரையோ அதட்டினார்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பினோம். பதினோராயிரம் புத்தகமும் திரையில் வரிசையாக நின்றன.

"பாத்தீங்களா? ஒரே அதட்டல்! போன வாரம் இப்படித்தான் ஈரோட்டுல..."

"தம்பி," என்றாள் தெய்வானை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "பனியனுக்குள்ள வச்சிருக்கற சிடியைக் குடுத்துட்டுப் போங்க. பீரோக் கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சுது."

"அப்ப நேத்து சாயங்காலம் நீங்க இதுல ஏதோ பெட்டியை ஒயர்ல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தது பேக்கப் எடுக்கத்தானா?" என்றாள் நாச்சம்மாள்.

திம்பம் மலைக் கதை விட்டபோதுகூடச் சிவக்காத முகம் சிவந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்க்கா," என்றார். சிடியைக் கொடுத்தார்.

அடுத்த வருடம் செங்கோட்டுவேலு கடையை மூடிவிட்டு, பெருந்துறைக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்தார். அந்தக் கோழிகளைப் பற்றி அங்கே என்னென்ன கதை விட்டாரோ, கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.